யெல்லோஸ்டோன்: கண்டவர்களும் காத்தவர்களும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தேசியப் பூங்காக்களின் தோற்றம் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். அதில் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்கா பற்றிய பகுதி எனக்கு ஏமாற்றம் அளித்தது. 1870 செப்டம்பரில் அந்த நிலத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த குழுவினர் ஓர் இரவில் நெருப்பைச் சுற்றி அமர்ந்தார்கள். ஆளுக்கொரு பகுதியைத் தங்கள் பெயரில் பதிவுசெய்து பணம் பார்க்கலாம் என்று பேசத் தொடங்கியவர்கள், இது எவருடைய சொத்தாகவும் ஆகக்கூடாது, மக்கள் அனைவருக்குமான பூங்காவாக இருக்கவேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். இந்த நிகழ்ச்சியை நான் பல ஆண்டுகளாக என் மாணவர்களுக்குச் சொல்லிவருகிறேன். நீங்கள் இதை ‘ஒரு கதை’ என்று ஒரே வரியில் கடந்துவிட்டு, ரயில்வே நிறுவனத்தின் லாபக் கணக்குக்கு ஒரு பத்தி முழுவதையும் ஒதுக்கியிருக்கிறீர்கள்.

எனக்கு இரண்டு கேள்விகள் உள்ளன. ஆள் நடமாட்டமே இல்லாத ஒரு காட்டுக்குள் உயிரைப் பணயம் வைத்து நுழைந்து அதைக் கண்டறிந்தவர்கள்தான் அது காக்கப்படவும் காரணமானார்கள் என்பது எளிய உண்மையல்லவா? இரண்டாவதாக, நோக்கம் எதுவாக இருந்தால் என்ன, 1872-ல் சட்டம் வந்தது, காடு பிழைத்தது. அதன் பிறகு யாருடைய மனதில் என்ன இருந்தது என்று துருவிப் பார்ப்பதால் யாருக்கு என்ன பயன்?

அன்புடன்,
எம்.

அன்புள்ள எம்.,

அந்த நெருப்போரப் பேச்சை நான் ஒரே வரியில் கடந்ததற்குக் காரணம், அது நடந்ததற்கான சான்று மிக மெலிந்தது என்பதே. ஃபயர்ஹோல், கிப்பன் என்ற இரு ஆறுகளும் கூடி மேடிசன் ஆறாக மாறும் இடத்தில் 1870 செப்டம்பர் 19 அன்று நீங்கள் சொல்லும் குழு, அதாவது வாஷ்பர்ன் குழு, தங்கியது உண்மை. குழுவில் பலர் நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உள்ளவர்கள். ஊர் திரும்பிய கையோடு செய்தித்தாள்களில் நீண்ட கட்டுரைகளும் எழுதினார்கள். அப்படிச் சுடச்சுட எழுதப்பட்டவற்றில் இந்த உரையாடலைக் காணமுடியவில்லை. நீங்கள் மாணவர்களுக்குச் சொல்லும் அளவுக்கு விரிவாக அது வெளிவருவது, குழுவில் ஒருவரான நதானியல் லாங்ஃபோர்ட் 35 ஆண்டுகள் கழித்து, 1905-ல், தன் நாட்குறிப்பு என்று அச்சிட்ட நூலில்தான். பூங்காவின் அதிகாரபூர்வ வரலாற்றாசிரியராகவே பணியாற்றிய ஆப்ரி ஹெய்ன்ஸ் 1960-களில் மூல ஆவணங்களை ஒப்பிட்டு இதைச் சுட்டிக்காட்டினார். அந்தக் காட்சியை அதே இடத்தில் ஆண்டுதோறும் நாடகமாகவே நடித்துக் காட்டிவந்த காலம் அது என்பதால், அவருடைய மேலதிகாரிகளுக்கு அது உவப்பாக இருக்கவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

லாங்ஃபோர்ட் முழுப் பொய் சொன்னார் என்று நான் கருதவில்லை. அப்படி ஏதோ ஒரு பேச்சு எழுந்திருக்கலாம். ஆனால் அவர் அந்த நூலில் முன்னிறுத்தாத ஒரு செய்தியும் உண்டு. பயணத்துக்குச் சில மாதங்களுக்கு முன்பு, 1870 ஜூனில், நார்தர்ன் பசிபிக் ரயில்வேக்குப் பணம் திரட்டிக்கொண்டிருந்த வங்கியாளர் ஜே குக்கை அவர் சந்தித்திருந்தார். பயணம் முடிந்ததும் அந்த நிறுவனத்தின் சார்பில் கிழக்கு நகரங்களில் சொற்பொழிவு ஆற்றினார். அந்தச் சொற்பொழிவுகளில் ஒன்றை வாஷிங்டனில் கேட்டவர்களில் ஒருவர், அரசின் நில ஆய்வுத் துறைப் புவியியலாளரான ஃபெர்டினாண்ட் ஹேடன். 1871 அக்டோபரில் ஜே குக்கின் அலுவலகத்திலிருந்து ஹேடனுக்கு ஒரு கடிதம் போகிறது: கலிபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கை ஒதுக்கியதைப் போல இந்தக் கொதிநீர் ஊற்றுகளின் படுகையையும் என்றென்றைக்குமான பொதுப் பூங்காவாக ஒதுக்கும்படி அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸிடம் பரிந்துரைக்கலாமே என்று ஒரு யோசனை வந்திருக்கிறது, நல்ல யோசனையாகப் படுகிறது என்கிறது அது. மசோதா அதே ஆண்டு டிசம்பரில் அவைக்கு வந்தது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கெடுதலாக முடிந்த நல்ல நோக்கங்களும், நன்மையாக முடிந்த வணிகக் கணக்குகளும் வரலாற்றில் ஏராளம். தவிரவும், 1873-ல் ஜே குக்கின் வங்கியே திவாலாகிவிட, ரயில் பூங்காவின் வாசலை நெருங்க இன்னும் பத்தாண்டு ஆயிற்று. லாபக் கணக்கு போட்டவர் அந்த லாபத்தைப் பார்க்கவே இல்லை. இந்தப் பகுதியில் எனக்கு இதற்குமேல் சொல்ல எதுவுமில்லை.

நோக்கங்களைவிட என்னை அதிகம் ஈர்ப்பது வேறொன்று. அந்த நிலத்துக்குள் போய்வந்தவர்கள் எதைக் கண்டு எழுதினார்களோ, படம் எடுத்தார்களோ, அதற்குத்தான் காப்பு கிடைத்தது. அவர்கள் கண்ணில் படாதவையும், பட்டும் அவர்கள் பொருட்படுத்தாதவையும் பூங்காவின் எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்றன, அல்லது கோட்டுக்கு உள்ளேயே அழிந்தன. ஆகவே, கண்டறிந்தவர்களே காத்தவர்கள் என்று நீங்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. அந்தச் சொற்றொடரை அதன் முழுக் கனத்தோடு எடுத்துக்கொள்ளவேண்டும் என்கிறேன்.

முதலில் போனவர்களை யாரும் நம்பவில்லை. அமெரிக்காவின் மேற்குப் பகுதியை ஆராயப் போன லூயிஸ்–கிளார்க் பயணக்குழுவிலிருந்து பிரிந்து தோல் வணிகத்துக்குப் போன ஜான் கோல்ட்டர் 1807–08 குளிர்காலத்தில் அந்த வட்டாரத்தைத் தனியாகக் கடந்தார். அவருக்குப் பின் பீவர் தோலுக்காக அலைந்தவர்கள் பலர், ஜிம் பிரிட்ஜர் உட்பட, கொதிக்கும் சேற்றையும் கண்ணாடி மலையையும் பற்றிப் பேசினார்கள். பிரிட்ஜருக்கு உண்மையோடு கொஞ்சம் சரக்கு சேர்த்துச் சொல்வதில் விருப்பம் அதிகம் என்பதால், உண்மையும் சேர்ந்து அடிபட்டுப் போயிற்று. 1860-ல் கேப்டன் ரெனால்ட்ஸின் ராணுவக் குழு அதே பிரிட்ஜரை வழிகாட்டியாகவும், இளைஞரான ஹேடனைப் புவியியலாளராகவும் வைத்துக்கொண்டு போனது. கணவாயில் பனி மூடியிருந்ததால் உள்ளே நுழைய முடியாமல் திரும்பியது. 1869-ல் ஃபோல்சம், குக் (வங்கியாளர் ஜே குக் அல்ல), பீட்டர்சன் ஆகிய மூவர் சொந்தச் செலவில் போய்வந்து எழுதிய கட்டுரையைப் பத்திரிகைகள் நம்பமுடியாதது என்று திருப்பி அனுப்பின. சொல் மட்டும் போதாது என்பது அந்தப் பத்தாண்டுகளின் பாடம்.

1871-ல் ஹேடன் சொல்லை நம்பிப் போகவில்லை. காங்கிரஸ் ஒதுக்கிய 40,000 டாலரோடு புறப்பட்ட அவரது குழுவில் புகைப்படக்காரர் வில்லியம் ஹென்றி ஜாக்சனும் ஓவியர் தாமஸ் மோரனும் இருந்தார்கள். ஜாக்சனின் வேலையைக் கொஞ்சம் அருகில் பார்த்தால்தான் அது எப்படிப்பட்ட சான்று என்பது புரியும். அன்றைய முறையில் கண்ணாடித் தகட்டின் மீது கொலோடியன் என்ற பசைக் கரைசலை ஊற்றிச் சீராகப் பரப்பி, வெள்ளி உப்பில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, அதே ஈரத்தோடு இருட்டுக் கூடாரத்துக்குள் கழுவி முடிக்கவேண்டும். சில நிமிடம் தாமதித்தால் தகடு வீண். ஆக, கேமராவோடு இருட்டறையும் ரசாயனங்களும் கனத்த கண்ணாடிகளும் கோவேறு கழுதையின் முதுகில் ஒவ்வொரு அருவியின் விளிம்பு வரைக்கும் போயாகவேண்டும். மாமத் வெந்நீர் ஊற்றுகளில் அந்த வெந்நீராலேயே தகடுகளைக் கழுவியபோது அவை விரைவாகக் காய்ந்தன என்று ஜாக்சன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். மோரன் அதுவரை குதிரை ஏறிப் பழகாதவர், ஒல்லியான உடம்பு, சேணத்தின் மீது தலையணை வைத்துக்கொண்டு சவாரி செய்தார். மற்றொரு பக்கம், மரச்சட்டத்தின் மீது தார் பூசிய கித்தான் துணியை இழுத்துக் கட்டிய ‘அன்னி’ என்ற சிறு படகில் இருவர் யெல்லோஸ்டோன் ஏரியின் ஆழத்தைக் கயிறு விட்டு அளந்துகொண்டிருந்தார்கள்.

இந்தப் படங்களும் அளவுகளும்தான் காங்கிரஸ் உறுப்பினர்களின் முன்னே வைக்கப்பட்டன. மோரனின் புகழ்பெற்ற பெரிய ஓவியத்தைப் பார்த்து காங்கிரஸ் மனமுருகிச் சட்டம் இயற்றியது என்று சிலர் எழுதுவார்கள். அந்த ஓவியம் சட்டத்துக்குப் பிறகு முடிக்கப்பட்டு, 1872-ல் 10,000 டாலருக்கு அரசால் வாங்கப்பட்டது. உறுப்பினர்கள் முன்னதாகப் பார்த்திருக்கக்கூடியவை அவரது நீர்வண்ணச் சித்திரங்களும் ஜாக்சனின் படங்களும்தான்.

இனி சட்டத்துக்கு வருவோம். ஜனாதிபதி கிராண்ட் 1872 மார்ச் 1 அன்று கையெழுத்திட்ட அந்தச் சட்டத்தின் எல்லை விவரிப்பை ஒருமுறை தாளில் கோடுபோட்டுப் பாருங்கள். கார்டனர் ஆறு யெல்லோஸ்டோன் ஆற்றோடு கலக்கும் இடத்தில் தொடங்குகிறது. அங்கிருந்து கிழக்கே, யெல்லோஸ்டோன் ஏரியின் கிழக்குக் கோடியிலிருந்து 10 மைல் தள்ளி ஓடும் தீர்க்கரேகை வரை. அங்கிருந்து தெற்கே, ஏரியின் தெற்குக் கோடியிலிருந்து 10 மைல் தள்ளிய அட்சரேகை வரை. அங்கிருந்து மேற்கே, அன்று மேடிசன் ஏரி என்று அழைக்கப்பட்ட ஏரியின் மேற்குக் கோடியிலிருந்து 15 மைல் தள்ளிய தீர்க்கரேகை வரை. பிறகு வடக்கே ஏறித் தொடங்கிய இடத்துக்கு. இது ஹேடனின் வரைபடத்தின் மேல் அளவுகோலை வைத்துப் போட்ட பெட்டி. ஊற்றுகள், பள்ளத்தாக்கு, அருவிகள், ஏரி எல்லாம் உள்ளே வந்துவிட்டன; இன்னும் கண்ணில் படாத அதிசயம் ஏதேனும் சுற்றுவட்டத்தில் இருந்தால் அதுவும் உள்ளே இருக்கட்டும் என்று பத்து, பதினைந்து மைல் கூட்டிப் போட்டார்கள். எந்த மலைத்தொடரையும், எந்த நீர்ப்பிடிப்பையும், எந்த விலங்கின் வழித்தடத்தையும் அந்தக் கோடு பின்பற்றவில்லை.

அவைக் குழுவின் அறிக்கை சொன்ன வாதமும் கவனிக்கத்தக்கது. இந்த நிலம் உயரத்தில் இருக்கிறது, ஆண்டின் எந்த மாதத்திலும் உறைபனி விழக்கூடும், பயிர் ஏறாது, குளிர்காலம் கால்நடை வளர்ப்புக்குத் தாங்காது, எரிமலைப் பாறை என்பதால் மதிப்புள்ள கனிமம் கிடைக்கும் வாய்ப்பும் இல்லை. ஆகையால் இதை ஒதுக்குவதால் நாட்டின் வருவாய்க்குக் காலணா நஷ்டமில்லை என்பதுதான் அதன் சாரம். வயோமிங்கும் மொன்டானாவும் அப்போது மாநிலங்களாகாமல் மத்திய அரசின் ஆளுகைக்கு உட்பட்ட பகுதிகளாக இருந்ததால், 1864-ல் யோசெமிட்டியைக் கலிபோர்னியாவிடம் ஒப்படைத்ததைப் போல இதை ஒப்படைக்க ஒரு மாநில அரசு இல்லை. தேசியப் பூங்கா என்ற அமைப்பு உலகுக்கு இப்படித்தான் வந்து சேர்ந்தது; அதில் தொலைநோக்கைவிட நிர்வாக வசதியின் பங்கு அதிகம். அதே சட்டம் விலங்குகளைப் பற்றிச் சொன்னதோ அரை வாக்கியம்: மீன்களும் வேட்டை விலங்குகளும் வீணாக அழிக்கப்படாமலும், விற்பனைக்காகக் கொல்லப்படாமலும் உள்துறைச் செயலாளர் பார்த்துக்கொள்ளவேண்டும். சாப்பாட்டுக்குச் சுடலாம் என்றே அதற்குப் பொருள் கொள்ளப்பட்டது. மீறினால் என்ன தண்டனை என்று சட்டத்தில் இல்லை. நிதியும் இல்லை.

இப்போது உங்கள் கடிதத்தின் ‘ஆள் நடமாட்டமே இல்லாத’ என்ற தொடருக்கு வருகிறேன், ஏனெனில் நம் கருத்து வேறுபாட்டின் வேர் அங்கேதான் இருக்கிறது. பூங்காவின் வடக்கில் உள்ள அப்சிடியன் பாறையின் கரிய எரிமலைக் கண்ணாடிக்கல்லை மனிதர்கள் சுமார் 11,000 ஆண்டுகளாக வெட்டியெடுத்துக் கருவி செய்திருக்கிறார்கள். அந்தக் கல் ஒஹையோவின் பழைய புதைமேடுகள் வரை போயிருக்கிறது. குரோ, ஷோஷோனி, பேனாக், நெஸ் பெர்ஸ் முதலிய மக்கள் வேட்டைக்காகவும் பயணமாகவும் வந்துபோன நிலம் அது. ஷோஷோனிகளில் ஒரு பிரிவினரான துக்குதீக்கா மக்கள் மலைச்செம்மறி வேட்டையை நம்பி அந்த உயரங்களிலேயே வாழ்ந்தவர்கள்.

உங்கள் மாணவர்களுக்குச் சொல்ல ஒரு காட்சி வேண்டுமென்றால் நான் 1835-ஐத் தருவேன். அந்த ஆண்டு கோடையில் ஆஸ்பர்ன் ரஸல் என்ற தோல் வேட்டைக்காரர், இன்று லமார் என்று அழைக்கப்படும் பள்ளத்தாக்கில் ஒரு சிறு குழுவினரைச் சந்திக்கிறார்: ஆறு ஆண்கள், ஏழு பெண்கள், எட்டோ பத்தோ குழந்தைகள். சுமை தூக்க ஏறத்தாழ முப்பது நாய்கள். மான் தோலாலும் செம்மறித் தோலாலும் செய்த நேர்த்தியான உடை, கொம்பில் அழகாக வேலைப்பாடு செய்த வில்கள், கண்ணாடிக்கல் முனை வைத்த அம்புகள். மனநிறைவோடு இருந்தார்கள் என்று எழுதுகிறார் ரஸல். அவருக்கு வழி தெரியவில்லை. அவர்களில் ஒருவர் வெள்ளை எல்க் மான் தோலை விரித்து, கரித்துண்டால் அந்த வட்டாரம் முழுவதையும் வரைந்து, எந்தக் கணவாய் எங்கே போகும், எந்த ஓடை எங்கே சேரும் என்று விளக்குகிறார். ஹேடன் பெட்டி போடுவதற்கு 36 ஆண்டுகள் முன்பு வரையப்பட்ட வரைபடம் அது. அதில் அதிசயங்கள் குறிக்கப்பட்டிருந்தனவா என்று ரஸல் சொல்வதில்லை. கணவாய்களையும் ஓடைகளையும்தான் சொல்கிறார். வாழ்பவனுக்கு வேண்டியவை அவை.

நீங்கள் உயர்வாகச் சொல்லும் வாஷ்பர்ன் குழுவிலேயே இதற்கு மறுபுறம் உண்டு. 54 வயதான ட்ரூமன் எவர்ட்ஸ் 1870 செப்டம்பர் 9 அன்று ஏரிக்குத் தெற்கே அடர்ந்த காட்டில் குழுவிலிருந்து பிரிந்துபோனார். போர்வை, துப்பாக்கி, தீக்குச்சி எல்லாவற்றோடும் அவரது குதிரை ஓடிவிட்டது. 37 நாட்கள் ஒருவகை முட்செடியின் கிழங்கைத் தின்று, வெந்நீர் ஊற்றுகளின் ஓரத்தில் குளிர்காய்ந்து, அங்கே மேலோடு உடைந்து ஆவியில் வெந்து, கையில் மிஞ்சிய சிறு தொலைநோக்கியின் கண்ணாடியால் வெயிலில் நெருப்பு மூட்டிப் பிழைத்தார். கண்டெடுக்கப்பட்டபோது அவர் தோலும் எலும்புமாக இருந்தார். அவருடைய மன உறுதியை நான் மதிக்கிறேன். ஆனால் அவர் பட்டினி கிடந்த அதே மலைகளில்தான் குடும்பங்கள் குழந்தைகளோடும் நாய்களோடும் குளிர்காலங்களைக் கழித்திருந்தன. எவர்ட்ஸின் அனுபவம் பத்திரிகையில் வெளியாகிப் பெரும் புகழ் பெற்றது. இது மனிதன் வாழத் தகாத நிலம் என்ற எண்ணத்தை அத்தகைய எழுத்துகள் வாசகர் மனதில் ஆழமாகப் பதித்தன.

எண்ணம் பதிந்த பிறகு நிலத்தை அதற்கேற்ப ஆக்கினார்கள். 1877 ஆகஸ்டில், தங்கள் நிலத்திலிருந்து துரத்தப்பட்ட நெஸ் பெர்ஸ் மக்கள் சுமார் 800 பேர், பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாக, ராணுவம் பின்தொடர, பூங்காவின் குறுக்கே தப்பி ஓடினார்கள். அந்தக் குழப்பத்தில் சுற்றுலா வந்தவர்கள் சிலர் பிடிபட்டார்கள், இருவர் கொல்லப்பட்டார்கள். அடுத்த ஆண்டு பேனாக் மக்களோடு சண்டை. செய்தி பரவினால் பயணிகள் வரமாட்டார்கள் என்ற கவலை பூங்காவின் இரண்டாவது கண்காணிப்பாளரான ஃபிலிட்டஸ் நாரிஸுக்கு. பழங்குடியினர் கொதிநீர் ஊற்றுகளைக் கண்டு அஞ்சி அந்தப் பக்கமே வருவதில்லை என்று அவர் அறிக்கையில் எழுதினார். அதே நாரிஸ்தான் மாமத்தில் ஒரு குன்றின் மேல் காவல் வீடு கட்டினார். 1880-ல், பழங்குடியினருக்கென அரசு வரையறுத்த ஒதுக்கிடங்களுக்கே நேரில் போய், பூங்காவுக்குள் வரமாட்டோம் என்று பழங்குடித் தலைவர்களிடம் வாக்குறுதி வாங்கினார். அஞ்சி வராதவர்களிடம் வரமாட்டோம் என்று வாக்கு வாங்குவானேன்? துக்குதீக்கா மக்கள் அந்தப் பத்தாண்டின் முடிவுக்குள் விண்ட் ரிவர் முதலிய ஒதுக்கிடங்களுக்குப் போகும்படி ஆயிற்று. நீங்களும் நானும் படங்களில் பார்க்கும் ஆளற்ற யெல்லோஸ்டோன் அதற்குப் பிறகுதான் உருவானது.

‘1872-ல் சட்டம் வந்தது, காடு பிழைத்தது’ என்கிறீர்கள். சட்டம் வந்த பிறகு நடந்ததைப் பாருங்கள். முதல் கண்காணிப்பாளர் நம் லாங்ஃபோர்ட்தான். அவருக்குச் சம்பளம் கிடையாது, ஆட்கள் கிடையாது. பதவியில் இருந்த ஐந்தாண்டுகளில் பூங்காவுக்குப் போனதே ஓரிரு முறை. அந்த இடைவெளியில் தோலுக்காக வேட்டையாடியவர்கள் எல்க் மான்களை ஆயிரக்கணக்கில் கொன்று, தோலையும் நாக்கையும் எடுத்துக்கொண்டு உடலை விட்டுப் போனார்கள். 1875-ல் அங்கே போன ராணுவப் பொறியாளர் லட்லோ, ஆண்களும் பெண்களும் கோடாரி, மண்வெட்டி சகிதம் ஊற்றுகளைச் சுற்றிப் படிந்த அழகிய படிவுகளைப் பெயர்த்துக்கொண்டிருந்ததை எழுதியிருக்கிறார். ஓர் ஊற்றின் உச்சியில் ஒரு பெண் ஓங்கிய கோடாரி இறங்கும் நேரத்தில் அவர் தற்செயலாக அங்கே வந்து சேர்ந்ததால்தான் அந்தக் கூம்பு தப்பியது. ராணுவத்தை அனுப்பினாலொழிய இது நிற்காது என்று அவர் பரிந்துரைத்தார். அது நடக்க 1886 ஆயிற்று. அதுவும் காங்கிரஸ் பூங்காவுக்கான நிதியையே மறுத்துவிட்டதால், வேறு வழியின்றிக் குதிரைப்படை அனுப்பப்பட்டது. அந்த வீரர்கள் 1918 வரை இருந்தார்கள். காட்டுத்தீயை அணைத்தார்கள், ஊற்றுகளில் சோப்பைப் போட்டு அவற்றைப் பீறிட வைக்கும் விளையாட்டைத் தடுத்தார்கள், பனியில் ரோந்து போனார்கள். காடு பிழைத்ததற்கு யாருக்கேனும் நன்றி சொல்ல வேண்டுமானால் என் முதல் நன்றி பெயர் தெரியாத அந்தச் சிப்பாய்களுக்கு.

அவர்கள் கையிலும் அதிகாரம் இல்லை. பிடித்தவனை எல்லைக்கு வெளியே கொண்டுபோய் விடலாம், கருவிகளைப் பறிக்கலாம், அவ்வளவுதான். 1894 மார்ச்சில் பெலிக்கன் பள்ளத்தாக்கில், ராணுவத்தின் சாரணர் ஃபீலிக்ஸ் பர்கெஸ், திறந்த பனிவெளியில் சறுக்குக் கட்டைகளில் சத்தமின்றி நகர்ந்துபோய், தான் சுட்ட காட்டெருமையின் தோலை உரித்துக்கொண்டிருந்த எட்கர் ஹோவல் என்பவனைத் துப்பாக்கி முனையில் பிடித்தார். ஹோவல் கவலைப்படவே இல்லை. பறிபோவது 26 டாலர் 75 செண்ட் பெறுமானமுள்ள சாமான். மாட்டியிருக்காவிட்டால் 2,000 டாலர் கிடைத்திருக்கும் என்று கணக்குச் சொன்னான். தற்செயலாக அப்போது பூங்காவில் இருந்த பத்திரிகையாளர் எமர்சன் ஹஃப் இதை எழுதி அனுப்ப, ஜார்ஜ் பேர்டு கிரின்னல் தன் இதழில் அதைப் பெரும் பிரச்சாரமாக்க, இரண்டே மாதத்தில், மே 7 அன்று லேசி சட்டம் கையெழுத்தானது. பூங்காவில் வேட்டையாடினால் சிறையும் அபராதமும் என்று அதுதான் முதலில் சொன்னது. 1872-க்கும் அதற்கும் இடையே 22 ஆண்டுகள். 1902-ல் பூங்காவில் எஞ்சியிருந்த காட்டெருமைகள் ஏறத்தாழ இரண்டு டஜன்.

காப்பு முழுமையாக நடைமுறைக்கு வந்த பிறகும் பழைய பார்வை விடவில்லை. பயணிகள் பார்க்க விரும்பியது மான்களை, ஓநாய்களை அல்ல. 1914-க்கும் 1926-க்கும் இடையில் பூங்காவுக்குள்ளேயே, பூங்காவைக் காக்க வேண்டியவர்களாலேயே, குறைந்தது 136 ஓநாய்கள் கொல்லப்பட்டன. அவை முற்றாக அற்றுப்போய், 1995–96-ல் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைப் பிடித்துவந்து விடவேண்டியதாயிற்று.

பெட்டியின் கோடு தவறான இடத்தில் ஓடுகிறது என்பதை முதலில் உரக்கச் சொன்னவர், விசித்திரமாக, பழங்குடி மக்களுக்கு எதிரான போர்களை நடத்திய ஜெனரல் ஷெரிடன். 1882-ல் பூங்காவைச் சுற்றிவந்த அவர், ஏறத்தாழ 8,000 அடி உயரமுள்ள இந்தப் பீடபூமியில் பனி மூடியதும் விலங்குகள் தாழ்ந்த நிலங்களுக்கு இறங்கித்தான் ஆகவேண்டும், அந்த நிலங்கள் கோட்டுக்கு வெளியே உள்ளன என்பதைக் கண்டு, கிழக்கே 40 மைலும் தெற்கே 10 மைலும் பூங்காவை விரிக்கச் சொன்னார். மசோதா தேறவில்லை. 1891-ல் கிழக்கிலும் தெற்கிலும் ஒரு பகுதி ஒதுக்குக்காடாக அறிவிக்கப்பட்டதோடு சரி. வடக்கில், கார்டனர் ஆறு கலக்கும் அந்தத் தொடக்கப் புள்ளிக்கு அப்பால் இறங்கும் பள்ளத்தாக்கு அன்றே பண்ணைகளுக்குப் போய்விட்டது.

விளைவு இன்றும் குளிர்காலந்தோறும் தெரிகிறது. காட்டெருமைகள் இப்போது சுமார் 5,000 வரை பெருகியிருக்கின்றன. பனி ஆழமானதும் அவை வடக்கேயும் மேற்கேயும் கோட்டைக் கடந்து மொன்டானாவுக்குள் நுழைகின்றன. அவற்றிடமுள்ள புரூசெல்லோசிஸ் நோய் மாடுகளுக்குத் தொற்றும் என்று பண்ணையாளர்கள் அஞ்சுகிறார்கள். அந்த நோயே முதலில் மாடுகளிடமிருந்து காட்டெருமைகளுக்கு வந்தது. 2007–08 குளிர்காலத்தில் மட்டும் 1,600-க்கும் மேற்பட்டவை பிடித்தோ சுட்டோ அகற்றப்பட்டன. மத்திய அரசும் மாநில அரசும் 2000-ல் தொடங்கிய கூட்டு ஏற்பாட்டில் எத்தனை கடக்கலாம், எதுவரை போகலாம் என்று ஆண்டுதோறும் பேசி முடிவெடுக்கிறார்கள். பின்னாளில் பழங்குடி அரசுகளும் அந்த மேசையில் இடம்பெற்றன. 1855 ஒப்பந்தம் தங்களுக்கு அளித்த வேட்டை உரிமையை முன்வைத்து நெஸ் பெர்ஸ் மக்கள் 2000-களின் நடுப்பகுதியிலிருந்து கார்டினர் ஊருக்கு அருகே, கோட்டைக் கடந்து வரும் காட்டெருமைகளை வேட்டையாடுகிறார்கள். கோட்டுக்கு உள்ளே அந்த உரிமை செல்லாது.

அன்புடன்.